கணினியை எழுப்பும் மொழி எது?

எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் அண்மையில் ஒரு பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினோம். விசையை அழுத்தியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின. எதையோ சரிபார்க்கிறது, எதையோ திறக்கிறது, எதையோ தொடங்குகிறது. பார்த்துக்கொண்டிருந்த படிவம் 4 மாணவி ஒருவர் கேட்டார்: "சார், இதையெல்லாம் செய்யச் சொல்லி எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா? எந்த மொழியில் எழுதியிருக்கிறார்கள்? பைத்தானா?"

பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார். "பைத்தான்தான். அதுதானே எளிது!"

மணி அடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன், மாணவர்களே. பார்ப்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால், கணினி வல்லுநர்கள் பல ஆண்டுகள் இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். இதனால் ஒரு பெரிய குழுவே இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

முதலில், பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு மென்பொருள் முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அது பயோஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை எல்லாம் இருக்கின்றனவா என்று அது பார்த்துவிட்டு, பூட்லோடர் என்னும் இன்னொரு மென்பொருளை ஓடவிடுகிறது. பூட்லோடர், கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல்தான் இயங்குதளத்தின் கரு. வன்பொருள் முழுவதும் அதன் கைக்குப் போன பிறகு, அது ஒரே ஒரு மென்பொருளைத் தொடங்கிவைக்கிறது.

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் ஒவ்வொன்றையும் பிராசஸ் என்கிறோம். ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண் உண்டு. கெர்னல் தொடங்கிவைக்கும் அந்த முதல் பிராசஸின் எண் 1. அதை 'இனிட்' என்று அழைப்பது வழக்கம். நீங்கள் பிறகு திறக்கும் உலாவி, விளையாட்டு, எழுத்துச் செயலி எல்லாமே இந்த முதலாம் எண்காரரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

இனிட் கண்விழிக்கும் அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். இணையம் கிடையாது. வரைகலைத் திரை கிடையாது. வன்தட்டில் ஒரு பகுதிதான் திறந்திருக்கும். அதிலும் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். விடிவதற்கு முன்பே பள்ளிக்கு வந்து இருட்டில் சாவிக்கொத்தோடு நிற்கும் காவலரைப் போன்ற நிலை அது. அவர் வாசற்கதவைத் திறந்து, மின்சாரப் பெட்டியில் விசையைத் தட்டினால்தான் சிற்றுண்டிச்சாலை அக்கா உள்ளே வந்து அடுப்பு பற்றவைக்க முடியும். அந்த நேரத்தில் அவருக்கு உதவி செய்ய ஒருவரும் இல்லை.

வன்தட்டுகளில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது, மற்றப் பகுதிகளைத் திறப்பது, கடிகாரத்தைச் சரிசெய்வது, இணையத்தை இணைப்பது, உள்நுழையும் திரையைக் காட்டுவது என்று வேலைகள் வரிசையாக நிற்கின்றன. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள், இந்த வேலைப் பட்டியலை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி வைத்தார்கள். அந்தக் கோப்பின் பெயர் 'ஆர்சி'. அதற்கும் முந்திய ஒரு கணினியில் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் வசதிக்கு 'ரன்காம்' என்று பெயர் இருந்தது; அதன் சுருக்கமே இது. இப்படிக் கணினி எழும்போது ஓடும் கட்டளைக் கோப்பைத் தொடக்க நிரல் என்று வைத்துக்கொள்வோம்.

அதை எழுதிய மொழி ஷெல். யூனிக்ஸில் நாம் விசைப்பலகையில் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் மென்பொருளுக்குப் பெயர்தான் ஷெல். கையால் ஒவ்வொன்றாகத் தட்டக்கூடிய அதே கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவிட்டால் அது நிரலாகிவிடும். தொடக்க நிரலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. அதன் பெயர் வெறுமனே 'எஸ்எச்'. நிபந்தனையைத் தொடங்க 'இஃப்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினால், முடிக்கும்போது அதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'ஃபி' என்று எழுத வேண்டும். 'கேஸ்' என்று தொடங்கினால் 'ஈசாக்' என்று முடிக்க வேண்டும். முதன்முறை பார்ப்பவர்கள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்! அன்று எழுதிய எளிய ஷெல் நிரல்களில் பல இன்றைய கணினியிலும் ஓடும் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

சரி, பைத்தானில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? இதே கேள்வி எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது என்னிடம் ஒரு பழைய கணினி இருந்தது. அதில் இரண்டு வன்தட்டுகள். முதலாவது மிகச் சிறியது. அதில் கணினி எழுவதற்கு வேண்டிய அடிப்படைக் கோப்புகள் மட்டும் இருந்தன. மற்ற மென்பொருள்கள் எல்லாம் 'யூஎஸ்ஆர்' என்ற கோப்புறையில், இரண்டாவது வன்தட்டில் இருந்தன. வன்தட்டுகளைச் சரிபார்த்துத் திறந்துவைக்கும் தொடக்க நிரல் ஷெல்லில் எழுதப்பட்டிருந்தது. படித்தால் தலை சுற்றியது. அப்போதுதான் பைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். இதை அழகாகத் திருத்தி எழுதுவோமே என்று ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினேன். சோதித்தும் பார்த்தேன், ஓடியது. கணினியை நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினேன்.

எழவில்லை. திரையில் என் நிரலின் பெயரைப் போட்டு, 'காணவில்லை' என்று ஒரு வரி. அதன் பிறகு மற்ற நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இடுபணி அந்தக் கணினிக்குள் இருந்தது.

கோப்பு இருக்கிறது, நான்தானே எழுதினேன்! பிறகு ஏன் காணவில்லை என்கிறது? அரைமணி நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது. இப்படிப்பட்ட நிரலின் முதல் வரியில் #! என்ற இரண்டு குறிகளைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் 'என்னைப் படித்து இயக்கும் மென்பொருள் இந்த இடத்தில் இருக்கிறது' என்று எழுதுவோம். கெர்னல் அந்த வரியைப் பார்த்து, அங்கே போய் அந்த மென்பொருளை எழுப்பும். நான் எழுதியிருந்த இடம் யூஎஸ்ஆர் கோப்புறை. பைத்தான் அங்கேதான் இருந்தது. யூஎஸ்ஆர் இருந்ததோ இரண்டாவது வன்தட்டில். அதைத் திறக்க வேண்டியதோ என் பைத்தான் நிரல்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன். காணாமல் போனது என் நிரலன்று. அதைப் படிக்க வேண்டிய பைத்தான். கணினி கொடுத்த செய்தி அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. (உங்களுக்கும் என்றாவது இப்படி ஒரு செய்தி வந்தால், முதல் வரியைப் பாருங்கள்.) நண்பரிடம் இருந்த லினக்ஸ் குறுவட்டை இரவல் வாங்கி, அதிலிருந்து கணினியை எழுப்பி, பழைய ஷெல் நிரலைத் திரும்ப வைத்த பிறகுதான் இடுபணி வெளியே வந்தது.

ஆகவே, தொடக்க நிரலுக்கு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது 'இந்த மொழியால் என்னென்ன செய்ய முடியும்' என்பதற்கு முன்னால், 'இந்த மொழி ஓடுவதற்கு முன்கூட்டியே என்னென்ன இருக்க வேண்டும்' என்று கேட்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் பைத்தான் எழுதும்போது இந்தக் கேள்வி நமக்கு வருவதே இல்லை. ஏனென்றால், நாம் உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்கிறது.

பைத்தானைக் குறை சொல்லவில்லை. ஆனால், அது தனியாள் இல்லை. பைத்தான் தொடங்கும்போதே தன் நூலகத்திலிருந்து பல கோப்புகளைத் தேடி எடுத்துக்கொள்ளும். எழுத்துகளைக் கையாள்வதற்கான 'என்கோடிங்ஸ்' என்ற தொகுப்பு கிடைக்காவிட்டால், உங்கள் நிரலின் முதல் வரியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். பைத்தான் 2லிருந்து பைத்தான் 3க்கு மாறியபோது, 'பிரின்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி போடாத பழைய நிரல்கள் ஓடாமல் போனதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுப்பாடம் ஓடாவிட்டால் திருத்தி எழுதலாம். தொடக்க நிரல் ஓடாவிட்டால், திருத்துவதற்குக் கணினியே இல்லை.

ஷெல்லுக்குத் தேவைப்படுவது மிகக் குறைவு. அதை எவ்வளவு சிறிதாக்க முடியும் என்பதற்குப் பிஸிபாக்ஸ் நல்ல சான்று. 1990களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் என்பவர், கணினியை எழுப்பும் அளவுக்கு ஒரு லினக்ஸை ஒரே ஒரு நெகிழ்வட்டுக்குள் அடக்க நினைத்தார். ஒரு நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட், இன்று உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. அதற்காகப் பல சிறு கட்டளைகளை ஒரே மென்பொருளாகப் பொதிந்து பிஸிபாக்ஸை உருவாக்கினார். வீட்டில் உள்ள வைஃபை ரௌட்டர்கள் பலவற்றுக்குள் இன்றும் பிஸிபாக்ஸும் அதன் குட்டி ஷெல்லும் இருக்கின்றன. என்னைப்போல் சாவியைப் பெட்டிக்குள் பூட்டும் விபத்தும் இன்று குறைந்துவிட்டது. இப்போதைய லினக்ஸ், வன்தட்டைத் திறப்பதற்கு முன்பே, வேண்டிய கருவிகளைக் கொண்ட ஒரு சிறு கோப்புத் தொகுப்பை நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. ஆனால், அந்தத் தொகுப்பும் சிறிதாக இருக்க வேண்டும். அதனால் டெபியன் போன்றவற்றில் அதற்குள்ளும் ஷெல் நிரல்களே இருந்து வந்தன.

ஷெல் என்று முடிவாகிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. எந்த ஷெல் என்ற கேள்வி வருகிறது. இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

'எஸ்எச்' என்பது உண்மையில் ஒரு பதவிப் பெயர் மாதிரி. பள்ளி அறிவிப்புப் பலகையில் 'வாரப் பொறுப்பாசிரியரைப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கும். இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர். அதுபோல, எஸ்எச் என்ற பெயருக்குப் பின்னால் எந்த ஷெல் வேண்டுமானாலும் நிற்கலாம். எழுதப்பட்ட விதிகளின்படி அது நடந்துகொண்டால் போதும். அந்த விதிகளுக்குப் போசிக்ஸ் தரம் என்று பெயர். ஷெல்லுக்கான விதிகள் 1992இல் தரமாக்கப்பட்டன.

லினக்ஸில் நெடுங்காலம் அந்தப் பதவியில் இருந்தது பேஷ். பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதி 1989இல் வெளிவந்தது. போர்ன் என்பவரின் பெயரையும் 'மறுபடி பிறந்தது' என்ற பொருளையும் ஒன்றாக்கிய சிலேடைதான் அந்தப் பெயர். பேஷ் வசதியானது. முன்பு தட்டிய கட்டளையை நினைவில் வைத்திருக்கும். பாதி தட்டினால் மீதியை நிரப்பித் தரும். மனிதர்கள் உட்கார்ந்து பயன்படுத்த அருமையான கருவி. ஆனால், விடியுமுன் ஓடும் தொடக்க நிரலில் கட்டளை தட்ட யார் இருக்கிறார்கள்? அந்த வசதிகள் அங்கே வெறும் சுமை. எழுவதற்குள் கணினி ஷெல்லைப் பல தடவை தொடங்கி முடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டே ஓடுகிறது.

அதனால் 2006 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 6.10 பதிப்பில், எஸ்எச் பதவியிலிருந்து பேஷை இறக்கிவிட்டு டேஷை அமர்த்தினார்கள். டேஷ், கென்னத் ஆல்ம்குவிஸ்ட் என்பவர் 1989இல் எழுதிய ஒரு சிறிய ஷெல்லின் வழிவந்தது. பேஷ் ஒரு மெகாபைட்டைத் தொடும் காலத்தில், இது ஏறத்தாழ 100 கிலோபைட் அளவுதான். விதிகளில் உள்ளதைச் செய்யும். அதற்கு மேல் அதிகம் செய்யாது. கட்டளை தட்டும் மனிதர்களுக்குப் பேஷ் அப்படியே இருந்தது. நிரல்களை ஓட்டும் வேலை மட்டுமே டேஷுக்குப் போனது.

கணினிகள் விரைவாக எழுந்தன. கூடவே புகார்களும் எழுந்தன. பல ஆண்டுகளாகப் பேஷிலேயே பழகியவர்கள், தம் நிரலின் முதல் வரியில் எஸ்எச் என்று எழுதிவிட்டு, உள்ளே பேஷுக்கு மட்டுமே தெரிந்தவற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஓர் எடுத்துக்காட்டு. பைத்தானில் இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்க == என்று இரண்டு சமக்குறி போடுவோம். ஷெல் விதிப்படி ஒரு = குறிதான். பேஷ் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். டேஷ் ஏற்காது. சதுர அடைப்புக்குள் == வந்தால் எதிர்பாராத குறி என்று ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, அந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வழியில் போய்விடும். நிரல் நின்றுவிடாது என்பதுதான் ஆபத்து. 'வன்தட்டு பழுதாக இருந்தால் சரிசெய்' என்று எழுதியிருந்தால், பழுதாக இருந்தும் சரிசெய்யாமல் கடந்து போகும். காலையில் மளமளவென்று ஓடும் எழுத்துகளுக்கு நடுவே அந்த ஒரு வரியை யார் கவனிப்பார்கள்?

டெபியன் குழுவினர், இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு கருவியை வைத்துக்கொண்டு, நிரல் நிரலாகத் தேடித் திருத்தினார்கள். 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6.0 பதிப்பில்தான் அங்கே டேஷ் எஸ்எச் ஆனது. உபுண்டுவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்னால். மெதுவாகப் போனவர்களைக் கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் செய்ததுதான் சரி என்று படுகிறது.

இந்த மாற்றத்தால் யாரும் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்ற பெரிய பாதுகாப்புக் குறை வெளியே தெரியவந்தது. ஸ்டெஃபான் ஷாசெலா என்பவர் கண்டுபிடித்தார். பேஷின் வசதிகளுள் ஒன்றில் அந்த ஓட்டை ஏறத்தாழ 25 ஆண்டுகளாக இருந்திருக்கிறது! வெளியாள் ஒருவர் அனுப்பும் எழுத்துச் சரத்தையே கட்டளையாக ஓடவைக்க அது இடம் கொடுத்தது. எஸ்எச் பதவியில் டேஷ் இருந்த கணினிகளில், தாக்குவோர் நுழையக்கூடிய வழிகள் பல முன்பே அடைபட்டிருந்தன. டேஷுக்கு அந்த வசதியே இல்லை. அதனால் அந்த ஓட்டையும் இல்லை.

இதுவரை ஷெல்லின் பக்கமே பேசிவிட்டேன். அதன் குறைகளையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

ஷெல்லுக்குத் தனியாக அதிகம் தெரியாது. ஒரு கோப்பில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமா? 'கிரெப்' என்ற இன்னொரு மென்பொருளைக் கூப்பிடும். ஒரு வரியைத் திருத்த 'செட்'. ஒரு நிரலிலிருந்து மூன்றாவது சொல்லை எடுக்க 'ஆக்'. கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் புதிய பிராசஸ் பிறக்கிறது, தனக்கு வேண்டிய நூலகங்களைத் தேடி ஏற்றுகிறது, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு வேலை செய்கிறது, மறைகிறது. பைத்தானாக இருந்தால் இதையெல்லாம் தன் ஒரே பிராசஸுக்குள் முடித்துவிடும். லெனார்ட் பொட்டரிங் என்ற பொறியியலாளர் 2010 ஏப்ரலில் எழுதிய ஒரு கட்டுரையில், தம் கணினியின் தொடக்க நிரல்களை எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். ஆக் 92 தடவை, கிரெப் 77 தடவை, செட் 74 தடவை, 'கட்' 23 தடவை. கூட்டிப் பாருங்கள்: 266. இன்னொரு எளிய சோதனையும் செய்தார். கணினி எழுந்தவுடன் முதல் வேலையாக ஒரு ஷெல்லைத் திறந்து, அதன் பிராசஸ் எண் என்னவென்று பார்ப்பது. லினக்ஸில் 1823 என்று வந்தது, மேக்ஓஎஸ்ஸில் 154. எண் பெரிதாக இருந்தால், அதற்கு முன் அத்தனை பிராசஸ்கள் பிறந்து வந்திருக்கின்றன என்று பொருள்.

ஷெல்லின் இன்னொரு குறை வேகத்தைவிட மோசமானது. மாறி ஒன்றில் மதிப்பு இல்லாவிட்டால் பைத்தான் பிழை சொல்லி நின்றுவிடும். ஷெல் அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தொடர்ந்து ஓடும். 2015 ஜனவரியில், நீங்கள் அறிந்த ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் ஷெல் நிரலில் இது வெளிப்பட்டது. 'ஸ்டீம் இருக்கும் கோப்புறைக்குள் உள்ள எல்லாவற்றையும் அழி' என்று ஒரு வரி. குறிப்பிட்ட சூழலில் அந்தக் கோப்புறையின் பெயர் வெறுமையாகிவிட்டது. மீதி என்ன இருக்கும்? 'எல்லாவற்றையும் அழி.' பயனரின் சொந்தக் கோப்புகளும் போயின. தொடக்க நிரல்கள் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுபவை. அங்கே இப்படி ஒரு வெறுமை வந்தால் தடுக்க ஆள் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழி கிடையாதா? சிறியதாகவும் ஒழுங்காகவும் இருக்கும் மொழி? லூவா உண்டு. 1993இல் பிரேசிலில் பிறந்தது. சில நூறு கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். பல விளையாட்டுகளுக்குள் இருக்கிறது. எனக்குப் பிடித்த மொழி. ஆனால், லூவாவின் அடிப்படை நூலகத்தை வைத்துக்கொண்டு வேறொரு மென்பொருளைத் தொடங்கச் சொன்னால், யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அது போய்க் கூப்பிடுவது யாரை என்று நினைக்கிறீர்கள்? எஸ்எச்சைத்தான்! வாசலில் துரத்திய ஷெல், கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது.

பொட்டரிங் வேறு வழியில் போனார். மொழியே வேண்டாம் என்றார். அவர் தலைமையில் உருவான சிஸ்டம்டியில், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு இருக்கும். எந்த மென்பொருளை ஓட்ட வேண்டும், எதற்குப் பிறகு ஓட்ட வேண்டும், விழுந்தால் மறுபடி எழுப்ப வேண்டுமா என்பவற்றை வரிவரியாக எழுதினால் போதும். நிபந்தனை, சுழற்சி எதுவும் கிடையாது. எப்படிச் செய்வது என்பதை, சி மொழியில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட சிஸ்டம்டியே பார்த்துக்கொள்ளும். ஒன்றையொன்று சாராத வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும். ஆப்பிள் நிறுவனம் இதே பாதையில் 2005இலேயே லாஞ்ச்டி என்ற மென்பொருளைக் கொண்டுவந்திருந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் இந்தக் கூட்டம்தான். அதன் இனிட்டுக்கு என்றே ஒரு சின்னக் கட்டளை மொழி இருக்கிறது. அதில் சேவைகளின் பட்டியலையும், எந்த நிகழ்வில் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் எழுதலாம். அதை வைத்து விளையாட்டு எழுத முடியாது. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

எல்லாரும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார்களா? அதுதான் இல்லை. ஷெல் நிரல் கண்ணெதிரே இருக்கும் எழுத்து. கணினி எழாவிட்டால் திறந்து படிக்கலாம், ஒரு வரி திருத்தலாம். சி மொழியில் எழுதப்பட்ட பெரிய மென்பொருள் முதலாம் எண்ணில் உட்கார்ந்தால், அது தவறும்போது சாதாரண ஆள் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். குறுவட்டோடு உட்கார்ந்து பழைய நிரலைத் திரும்ப வைத்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கித் தள்ள முடியாது. 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு வாக்கெடுத்தபோது, எட்டுப் பேரில் நால்வர் சிஸ்டம்டிக்கும் நால்வர் அதன் போட்டியான அப்ஸ்டார்ட்டுக்கும் சாய்ந்தார்கள். தலைவர் பிடேல் கார்பி தம் தீர்மான வாக்கைச் சிஸ்டம்டிக்கு அளித்தார். அதே ஆண்டு நவம்பரில், ஏற்காதவர்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய்த் தேவுவன் என்ற தனி இயங்குதளத்தை அறிவித்தார்கள். அல்பைன், ஜென்டூ ஆகியவற்றின் தொடக்க நிரல்கள் இன்றும் ஷெல்லில் இருக்கின்றன. குனு குயிக்ஸ் என்ற இயங்குதளத்திலோ ஸ்கீம் என்னும் முழு நிரல்மொழியையே இந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார்செய்து வைத்துவிடுகிறார்கள்.

கழகத்தில் கேள்வி கேட்ட மாணவியிடம் இதில் பாதியைச் சொன்னபோது, "அப்படியென்றால் பைத்தானை எங்கேதான் சார் பயன்படுத்துவது?" என்றார். கணினி முழுவதும் எழுந்து நின்ற பிறகு தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கள் கழகக் கணினியில் தினமும் மாலை கோப்புகளைப் பிரதியெடுக்கும் நிரலைப் பைத்தானில்தான் எழுதியிருக்கிறோம். அதை நேரம் பார்த்து எழுப்பிவிடுவது சிஸ்டம்டி.

உங்களிடம் ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் கணினி இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். அதை நிறுத்தி, மறுபடி இயக்குங்கள். எழுந்ததும் வேறு எதையும் தொடாமல் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'எக்கோ' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, $$ என்று இரண்டு டாலர் குறிகளைப் போட்டு உள்ளீட்டு விசையை அழுத்துங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கெர்னலின் உள்வேலைகளும் இந்த எண்களில் பங்கு போட்டுக்கொள்வதால் ஒவ்வொரு கணினிக்கும் அது மாறும். எங்கள் கழகத்தின் பழைய கணினியில் வந்த எண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தேவையற்ற சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, அதை எவ்வளவு குறைக்க முடியும் என்று மாணவர்களுக்குள் இப்போது போட்டி நடக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஒருவர் உற்சாகத்தில் இணையச் சேவையையே நிறுத்திவிட்டார். எண் குறைந்தது, இணையமும் போனது. அவர் திருத்திய கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான் என்பதால், ஐந்து நிமிடத்தில் அவரே திரும்ப எழுதிச் சேர்த்துவிட்டார்.